கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரைக்கும்

தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் தெரியாது. தர்ப்பணம் கொடுக்கிறவர்கள்கூடத் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு முந்தியவர்கள் பொதுவாகப் பித்ருக்கள் ஆகிவிடுகிறார்கள். தாமிரபரணிக்குத் தெற்கே தேரிக்காடு என்னும் செம்மணல் வெளியை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. எங்கள் ஆட்கள் எரிக்கப்படவில்லை, புதைக்கப்பட்டார்கள். புதைத்த இடத்தில் கல் நட்டார்கள். ஆகவே போய்த் தேடினால் முன்னோர்கள் வரிசையாகக் கிடைப்பார்கள் என்பது அந்தப் பெருமையின் சாரம். பணி ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகக் கல்லறைத் தோட்டங்களில் சுற்றிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் வேறு. கல்லைத் தேடிப் போகிறவன் தன் குடும்பத்தில் சம்பளம் வாங்கியவர்களை மட்டுமே கண்டுபிடிக்கிறான்.

கல்லறைகளில் எளிதில் கிடைக்கிறவர்கள் மிஷனரிகளும் கோயில் கட்டியவர்களும்தான். பாளையங்கோட்டையில் 1785இல் எழுந்த கிளாரிந்தா ஆலயத்தைக் கட்டிய அம்மையாரின் கல்லறையை அங்கே யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கொடைக்கானலில் 1891இல் காலமான கால்டுவெல், இடையன்குடியில் தாம் எழுப்பிய கோயிலின் பலிபீடத்துக்குக் கீழேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மெஞ்ஞானபுரத்தில் 192 அடி உயரக் கோபுரத்தோடு கோயில் கட்டிய ஜான் தாமஸ் 1870இல் காலமானார். பனங்காட்டுக்கு மேலே அந்தக் கோபுரம் பல மைல் தூரத்துக்குத் தெரியும் என்பதால் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. டோனாவூரில் 1951இல் காலமான ஏமி கார்மைக்கேல் தமக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். கல் வேண்டாம் என்று சொன்னவருக்கும் ஓர் அடையாளம் நின்றுவிட்டது. இவர்களுக்கெல்லாம் பட்டியல் போடவும் ஆட்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்து 1905இல் அச்சிட்டார்; அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். 1976 முதல் லண்டனில் ஒரு சங்கம் தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியக் கல்லறைகளைப் பதிவுசெய்து வருகிறது. அவர்களிடம் வேதம் கேட்டவர்கள், அவர்களுடைய கோயிலுக்கு மண் சுமந்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்பதற்கு இப்படிப்பட்ட பட்டியல் எதுவும் எனக்கு அகப்படவில்லை.

ஒரே பெயர், வேறு இனிஷியல்

எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் போகிறவருக்கு முதல் தடை உடைமுள்ளும் நெருஞ்சியும். இரண்டாவது தடை பெயர்கள். முதல் பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் ஞானஸ்நானத்தோடு போய்விடவில்லை. தேவசகாயத்தின் மகன் வேதமாணிக்கம், அவருடைய மகன் மறுபடியும் தேவசகாயம், அவருக்கு மகன் இன்னொரு வேதமாணிக்கம் என்று நூறு வருஷமும் இரண்டே பெயரில் ஓடியிருக்கும். இதோடு சித்தப்பா பெரியப்பா மக்களும் அதே பாட்டனின் பெயரை எடுத்திருப்பார்கள் என்பதால் ஒரே காலத்தில் ஒரே பெயருடைய மூன்று பேர் ஒரு தெருவில் இருந்திருக்கலாம். வீட்டில் இதற்குச் சிரமம் இருந்ததில்லை. நெட்டையன், ஒத்தைப்பனையான், கொழும்பான் என்று பட்டப்பெயர் வைத்துச் சமாளித்தார்கள். கல்லில் பட்டப்பெயரை யாரும் வெட்டுவதில்லை. ஊரில் வயதான அத்தை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் இது கொழும்பான் குழி, அது அவர் தம்பி குழி என்று பிரித்துத் தெரியும். அப்படிப்பட்ட அத்தைமார் இப்போது குறைந்துகொண்டு வருகிறார்கள்.

மூன்றாவது தடை எழுத்து. பழைய கல்லறைகளில் பெரும்பாலானவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. வாசகத்தைத் தாங்கிய சிறு கல் மட்டும் தலைமாட்டில் பதித்திருக்கும். கடற்காற்றும் மணலும் சேர்ந்து உராய்ந்ததில் எழுத்துகள் தேய்ந்து, நேர் வெயிலில் பார்த்தால் வெறும் கல்லாகவே தெரியும். கம்பி பிரஷ்ஷைக் கொண்டு தேய்ப்பவர்களையும், ஆசிட் ஊற்றிக் கழுவுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் இருக்கிற எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். ஒரு பக்கமிருந்து ஒரு முறை, எதிர்ப்பக்கமிருந்து ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக வாசிக்கலாம். இருட்டும் நேரத்தில் கல்லறைத் தோட்டத்தில் டார்ச்சோடு குனிந்துகொண்டிருக்கும் ஆளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை மட்டும் பொருட்படுத்தக் கூடாது.

என் பூட்டனின் கல்லை இப்படித்தான் வாசித்தேன். மெஞ்ஞானபுரத்துக்குத் தெற்கே, பெயரைச் சொல்ல வேண்டியிராத அளவுக்குச் சிறிய ஓர் ஊர். கல்லின் மேல்பகுதியில் சிலுவை; கீழே அவர் பெயர்; அதற்குக் கீழே 'உபதேசியார்', அதாவது குருவானவருக்குக் கீழே இருந்து வேதம் கற்பிக்கிற சபை ஊழியர். மெய்யெழுத்துக்குப் புள்ளி சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் இல்லை. அடுத்த வரியில் '௲௮௰௪ ௵ ஆனி ௴' என்று வெட்டியிருந்தது. ஆயிரத்து எண்பத்து நான்காம் வருஷம் ஆனி மாதம். நெல்லைச் சீமையில் கொல்லம் ஆண்டு வெகுகாலம் புழங்கியது. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு 825ஐக் கூட்டினால், ஆண்டின் பிற்பகுதியில் வரும் மாதங்களுக்கு ஆங்கில ஆண்டு வந்துவிடும். ஆகவே 1909. பத்திரங்களில் கொல்லம் ஆண்டைப் பார்த்துப் பழகியிராதவர்களுக்கு இந்த எண் எதையும் சொல்லாது. தமிழ் இலக்கமே தெரியாத இளையவர்களுக்கு அது எண் என்பதே தெரியாது. கடைசி வரியில் 'நல்ல போராட்டத்தைப் போராடினேன்' என்ற வசனத்தின் முதல் பாதி மட்டும் இருந்தது. மீதிப் பாதிக்கு இடம் போதவில்லையா, காசு போதவில்லையா என்பது கொத்தனுக்கே வெளிச்சம்.

யாருக்குக் கல் கிடைத்தது

காசு என்று சொன்னது வேடிக்கைக்காக அல்ல. எங்கள் ஊர்ப் பக்கம் முழுக்க மணல். வாசகம் வெட்டத் தகுந்த கருங்கல் வேண்டுமென்றால் மேற்கேயிருந்து வண்டி கட்டிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த கல்லில் எழுத்து வெட்டத் தெரிந்தவன் வேண்டும். வெட்ட வேண்டியதை எழுதிக் கொடுக்கப் படித்தவன் வீட்டில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பனையேறிப் பதநீர் இறக்கி, அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சி விற்றுச் சாப்பிட்ட வீட்டில் இந்த மூன்றும் ஒன்றுசேர வழியில்லை. ஒரு தோட்டத்தில் கல் உள்ள குழிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: உபதேசியார், வாத்தியார், மிஷன் பள்ளி ஆசிரியை, சபை மூப்பர், இலங்கையில் கடை வைத்திருந்தவர், தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. மாதச் சம்பளமோ கடல் கடந்து வந்த பணமோ இல்லாத வீட்டுக்குக் கல் அபூர்வம். 1854இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று மிஷன் வேலை தொடங்கியபோது எங்கள் சீமையிலிருந்து உபதேசியார்கள் அங்கே போனார்கள்; அதற்குப் பிந்திய கல்லறைகளில் கொழும்பு, கண்டி என்ற ஊர்ப் பெயர்களை அடிக்கடி பார்க்கலாம்.

பெண்களின் கதை இன்னும் மோசம். கல் உள்ள பெண்களிலும் பாதிப் பேர் இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்ற அளவில் நிற்கிறார்கள். சாதியைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுந்த சுவர் ஊரறிந்தது. சுவர் கட்டாத ஊர்களிலும் எந்த ஓரத்தில் குழி தோண்ட வேண்டும் என்பது தோண்டுகிறவருக்குத் தெரியும். ஞானஸ்நானப் பெயர்கள் சாதியைக் காட்டாதவை என்று நம் ஆட்கள் சொல்லிக்கொள்வதுண்டு; படுத்திருக்கும் இடம் காட்டிவிடுகிறது. முன்னோரைத் தேடுகிறேன் என்று கிளம்புகிறவர் உண்மையில் சாதிக்குள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு சுற்றுவது நல்லது.

1878ஆம் ஆண்டுப் பதிவேடு

பூட்டன் கிடைத்தார். அவருடைய தகப்பனார் கிடைக்கவில்லை. அதே தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பார்த்தாயிற்று. பக்கத்து ஊர்த் தோட்டங்களையும் பார்த்தாயிற்று. எங்கள் வீட்டுக் கதைப்படி நாங்கள் 1799இல் முதலூர் உண்டானபோதே வேதத்தில் சேர்ந்த குடும்பம். டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார், விசுவாசத்தின் பொருட்டு அடிபட்டவர்களுக்காக நிலம் வாங்கி உண்டாக்கிய அந்த ஊரில் முதல் சில வீடுகளில் ஒன்று எங்களுடையது என்று தாத்தா சொல்லுவார். அப்படியானால் 1909இல் மரித்தவருக்கு மேலே இன்னும் இரண்டு மூன்று தலைமுறை எங்கேயாவது கல்லோடோ கல் இல்லாமலோ கல்லறைத் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

கல்லில் இல்லாவிட்டால் பதிவேட்டில் இருக்கும் என்று சேகரக் குருவானவரிடம் போய் நின்றேன். பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்த தொகுதியைத்தான் சேகரம் என்போம். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று வகைப் பதிவேடுகளையும் ஒவ்வொரு சேகரமும் வைத்திருக்க வேண்டும் என்பது மிஷனரிகள் ஏற்படுத்திப்போன ஒழுங்கு. அடக்கப் பதிவேட்டில்தான் முதலில் தேடினேன். என் ஓட்டன், அதாவது பூட்டனின் தகப்பன், என்று நினைக்கத்தக்க யாரும் அதில் அகப்படவில்லை. 1877ஆம் வருஷத்துப் பக்கங்களில் மட்டும் கை நின்றது. தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கி 1878 வரை நீண்டது. பஞ்சத்தின் பின்னாலேயே வாந்திபேதி வந்தது. மற்ற வருஷங்களில் ஒரு பக்கம் நிரம்பப் பல வாரம் எடுத்திருக்கும் கையெழுத்து, அந்த வருஷத்தில் மளமளவென்று ஓடியிருந்தது. மரண காரணம் என்ற பத்தியில் முதல் வரியில் 'பேதி' என்று எழுதி, அதற்குக் கீழே பக்கம் முடியும்வரை 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தோட்டத்தில் கல் கிடையாது. தோட்டத்தின் தென்மேற்கில் காலி இடம் என்று இன்று நாம் நினைக்கிற பகுதியில்தான் அவர்கள் கிடக்க வேண்டும். குழி தோண்டும் பெரியவர் அந்தப் பக்கம் மட்டும் மண்வெட்டியை வைக்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தது பூட்டன் பிறந்த தேதியைக் குறித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில். அவர் 1865ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும் என்பதால் அந்த வருஷங்களில் தேடினேன், இல்லை. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்ததில் 1878இல் கிடைத்தார். பூச்சி அரித்த பழுப்புத் தாளில், காய்ந்து செம்பழுப்பாகிவிட்ட மையில், ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் நீண்ட வரிசைக்கு நடுவில் அவர் வரி இருந்தது. பழைய பெயர் ஒரு பத்தியில், புதிய பெயர் அடுத்த பத்தியில். வயது: சுமார் 12. தகப்பன் பெயர்: சுடலைமாட சாமியின் பெயர்களில் ஒன்று, பக்கத்தில் 'காலஞ்சென்ற'. தகப்பன் தொழில்: பனையேற்று. தாய் பெயர் என்ற பத்தியில் ஒரு கோடு. அதற்கு அடுத்த வரியில் அதே தகப்பன், அதே ஊர், வயது சுமார் 8, ஒரு பெண் பிள்ளை. தாய் பெயர் பத்தியில் அங்கேயும் கோடு.

நான் தேடிக்கொண்டிருந்த ஓட்டன் கல்லறைத் தோட்டத்தில் இல்லாததற்குக் காரணம் அதுதான். அவர் கிறிஸ்தவராகச் சாகவில்லை. அவரும் அவர் மனைவியும் பஞ்சத்திலோ பேதியிலோ போனார்கள். அனாதையாக நின்ற பையனையும் பெண்ணையும் மிஷன் எடுத்து வளர்த்தது. பையன் விடுதியில் படித்து உபதேசியார் ஆனார். பஞ்சத்தின்போதும் அதை அடுத்தும் எங்கள் சீமையில் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தார்கள் என்பது சபை வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரிந்ததே. 1877இல் உதவிப் பேராயர்களாகப் பொறுப்பேற்ற கால்டுவெல்லுக்கும் சார்ஜெண்டுக்கும் முதல் வேலையே அந்தக் கூட்டத்துக்குக் கஞ்சி ஊற்றுவதும் உபதேசியார் தேடுவதுமாக இருந்தது. எங்கள் குடும்பம் அந்தக் கூட்டத்தில் வந்தது. முதலூர்க் கதை எப்போது எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது என்பதை ஊகிக்க முடியும்: சம்பந்தம் பேசும் இடங்களில் பழைய கிறிஸ்தவர்களுக்கும் பஞ்சத்தில் சேர்ந்தவர்களுக்கும் மதிப்பு வேறுவேறாக இருந்தது.

ஓட்டனை எங்கே புதைத்தார்கள், அல்லது எரித்தார்கள் என்று சொல்ல இன்று ஊரில் ஆள் இல்லை. ஆனால் அவருடைய பெயர் தொடர்ந்திருக்கிறது. ஊருக்கு மேற்கே ஞானஸ்நானம் பெறாமல் நின்றுவிட்ட பங்காளிகள் சிலர் இருக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிட்டு வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் அந்தச் சுடலையின் பெயர் இரண்டு தலைமுறைக்கு ஒரு தடவை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் அந்த வீட்டு ஆட்கள்தானா என்று கேட்டபோது, அங்கிருந்த முதியவர் சாதாரணமாகச் சொன்னார்: "பஞ்சத்துல ரெண்டு பிள்ளைங்களக் கோயில்காரங்க எடுத்துட்டுப் போனதாச் சொல்லுவாவ." எங்களிடம் கல் இருந்தது; அவர்களிடம் ஒரு கல்லும் இல்லை. எங்கள் வீட்டில் அந்த ஞாபகம் அழிந்து நூறு வருஷமாவது இருக்கும்.

எழுத்துக்கு இவ்வளவு

இதற்கிடையில் பெரியப்பா, பூட்டனின் கல்லறையை இடித்துவிட்டுக் கிரானைட்டில் புதிதாகக் கட்ட ஏற்பாடு செய்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சொன்னதைச் செய்து பழகியவர். இப்போது எல்லாத் தோட்டங்களிலும் இந்த வேலை நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்கு ஊர் வரும்போது முன்னோர் கல்லறை பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். சுண்ணாம்புக் கட்டடத்தைத் தட்டி எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். பழைய வாசகக் கல் கட்டட இடிபாட்டோடு வேலியோரம் போய்விழுகிறது. கொல்லம் ஆண்டும் தமிழ் இலக்கமும் அதோடு போயிற்று. புதிய கல்லில் கம்ப்யூட்டரில் வெட்டிய எழுத்தும், யாரோ தோராயமாகச் சொன்ன ஆங்கிலத் தேதியும் வருகின்றன. காற்றும் மணலும் நூறு வருஷத்தில் அழிக்காததை ஒரு பண்டிகைக்கு முந்திய வாரத்தில் நாமே அழித்துவிடுகிறோம்.

பெரியப்பா எழுதி வைத்திருந்த புதிய வாசகத்தில் '1799 முதல் விசுவாசக் குடும்பம்' என்று ஒரு வரி இருந்தது. பதிவேட்டின் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். 'பனையேற்று' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தபடி, அந்தக் காலத்தில் யார்தான் பனை ஏறவில்லை என்றார். பிறகு, இது வேறு யாருடைய வரியாகவும் இருக்கலாமே, ஒரே பெயரில் ஊரெல்லாம் ஆள் இருந்தார்களே என்றார். அந்த வாதத்துக்கு வலு உண்டு; மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் பழைய பெயர், ஊர், வயது, மேற்கத்தி வீட்டுக் கதை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துவதையும் அவரால் தள்ள முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அழைத்து, 1799ஐ எடுத்துவிடலாம், 1878ஐப் போட வேண்டாம் என்றார். பழைய கல்லை எறியாமல் புதிய மேடையின் கால்மாட்டில் பதிக்கவும் சம்மதித்தார். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசியிருப்பதால், எடுத்த வரிக்கு மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

அந்த இடத்தில் அந்தச் சிறுமியின் பெயரை வெட்டலாம் என்று சொன்னேன். அண்ணனோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவள். எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை.

"அவ வேற வீட்டுக்குப் போனவல்லா? அவ பேர நம்ம கல்லுல எதுக்கு வெட்டணும்?"

எந்த வீட்டுக்குப் போனாள் என்று நமக்குத் தெரியாதே என்றேன். அப்படியானால் முதலில் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வா, கல்லுக்காரனை நிறுத்தி வைக்கிறேன் என்று முடித்துவிட்டார். நியாயமான நிபந்தனைதான். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த ஊரின் அடக்கப் பதிவேட்டில் இருக்க மாட்டாள். விவாகப் பதிவேட்டில் மாப்பிள்ளையின் ஊரைப் பார்த்து, அந்த ஊர் எந்தச் சேகரத்தில் இருந்தது என்று விசாரித்து, அங்கே போய் அடக்கப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். 1878இல் எட்டு வயது என்றால், எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து பார்த்தால் போதும். எங்கள் சேகரத்து விவாகப் பதிவேட்டைப் பண்டிகை முடிந்ததும் எடுத்துத் தருவதாகக் குருவானவர் சொல்லியிருக்கிறார். அந்த வருஷங்களில் இலங்கைக்குப் பெண் கொடுத்தவர்கள் நிறையப் பேர் என்பதால், கண்டி பக்கத்தில் பழைய சபைப் பதிவேடுகளைப் பார்த்துப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.